சதுர அடி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், எங்கிருந்து எங்கே வரை என்றும் கேளுங்கள்

வீட்டு ப்ளான் வரைவது என் தொழில். வாங்கப் போகிறவர்கள் கூப்பிட்டால், கட்டி முடித்த வீட்டுக்கும் போய் அளவெடுத்துக் கொடுப்பேன். விளம்பரத்தில் போட்டிருக்கும் பரப்பும் என் டேப் காட்டும் பரப்பும் ஒத்துப்போனால் எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். பெரும்பாலும் விளம்பர எண்தான் பெரிது. அதற்காக விற்கிறவர்கள் எல்லோரும் புளுகுகிறார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். பச்சைப் பொய் குறைவுதான். ஒரே வீட்டுக்கு நாலைந்து விதமாகப் பரப்பு சொல்லலாம், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கணக்கில் சரியாகவே இருக்கும். விற்கிறவர் அதில் பெரியதாகப் பார்த்து எடுத்துப் போடுகிறார். உங்கள் வேலை, அது எந்தக் கணக்கு என்று பிடிப்பதும், உங்களுக்கு வேண்டிய கணக்கை நீங்களே போட்டுக்கொள்வதும்.

அந்த எண் எந்த எண்?

சுவரிலிருந்து தொடங்குவோம். வெளிப்பக்கம் 8 மீட்டர், 10 மீட்டர் என்று இருக்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரின் வெளிமுகத்திலிருந்து அளந்தால் 80 சதுர மீட்டர். 9 அங்குலச் சுவர், அதாவது சுமார் 23 சென்டிமீட்டர். உள்முகத்திலிருந்து அளந்தால் 7.54, 9.54. பெருக்கினால் 72 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அறைகளைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்களை இன்னும் தொடவே இல்லை, அதற்குள் பத்து சதவீதம் போய்விட்டது. வீடு சிறியதாக ஆக ஆக இது கூடும். 5-க்கு 6 மீட்டர் வீட்டில் அதே சுவர் 30 சதுர மீட்டரை 25 ஆக்கிவிடும். பதினாறு சதவீதம். சின்ன வீடு வாங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் ஏமாந்து போகிறார்கள், அவர்களுக்குத்தான் ஒவ்வொரு அடியும் முக்கியம்.

இதன்மேல் பால்கனி, குழாய்கள் இறங்கும் டக்ட், அடுக்குமாடி என்றால் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, வரவேற்புக்கூடம் இவற்றில் உங்கள் பங்கு என்று ஒவ்வொன்றாக ஏறும். கார்பெட் ஏரியா, பில்ட்-அப் ஏரியா, சூப்பர் பில்ட்-அப் ஏரியா என்று சொல்கிறார்களே, அது இந்த ஏணியின் படிகள். உள்ளே புழங்கும் தரை மட்டும் என்றால் முதல் படி. சுவரும் பால்கனியும் சேர்ந்தால் இரண்டாவது. பொது இடங்களின் பங்கும் சேர்ந்தால் மூன்றாவது.

ஒரு தரகரோடு நடந்த பேச்சு இது.

"110 சதுர மீட்டர் மேடம். எல்லாம் சேர்த்து."

"எல்லாம்னா என்னென்ன?"

"பால்கனி, டக்ட், படிக்கட்டு, லிஃப்ட்டுக்கு முன்னாடி இருக்கிற இடம்... அதுல உங்க பங்கு."

"கார் நிறுத்துற இடம்?"

கொஞ்ச நேரம் ப்ளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுவும் உள்ளதான் இருக்கும்னு நினைக்கிறேன்."

உள்ளே நான் அளந்தது 74 சதுர மீட்டர், பால்கனி 6. அந்தத் தரகர் ஏமாற்ற நினைக்கவில்லை. அவருக்கே தெரியாது, யாரோ கொடுத்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரும்பாலான விளம்பர எண்களின் பூர்வீகம் இதுதான்: கட்டியவர் சொன்னது, முதலில் வாங்கியவர் எழுதி வைத்தது, இப்போது விற்பவர் பார்த்துப் போட்டது. நடுவில் யாரும் டேப்பைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பொது இடப் பங்கை 'லோடிங்' என்பார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. "லோடிங் 25 சதவீதம்தான்" என்றால், எதில் 25 என்று கேளுங்கள். மொத்தம் 100-இல் 25 பொது இடம் என்றால் உங்களுக்கு உள்ளே 75. அந்த 75-க்கு மேல் 25 ஏற்றியிருக்கிறார்கள், அதாவது 33 சதவீதம். உள்ளளவின் மேல் 25 சதவீதம் என்றால் 100-க்கு உள்ளே 80 கிடைக்கும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியும், ஆனால் 5 சதுர மீட்டர் வித்தியாசம். அது ஒரு குளியலறை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதும் பாதிதான்

சில நாடுகளில் எந்த எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியாவை வரையறுத்திருக்கிறது: வெளிச்சுவர், டக்ட், உங்களுக்கு மட்டுமான பால்கனி, திறந்த மாடி இதெல்லாம் சேராது, ஆனால் வீட்டுக்குள் இருக்கும் குறுக்குச் சுவர்கள் சேரும். அந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். கார்பெட் விரிக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டு அறை அறையாக அளந்து கூட்டினால், சட்டப்படியான எண்ணைவிடக் குறைவாகத்தான் வரும், அதற்காகச் சண்டைக்குப் போக முடியாது. ஹாங்காங்கில் 2013 ஏப்ரலிலிருந்து, கட்டுமான நிறுவனம் முதல் விற்பனையாக விற்கும் வீடுகளுக்கு 'விற்பனைப் பரப்பு' என்ற ஒரே கணக்கில்தான் அளவும் விலையும் சொல்ல வேண்டும். ஆனால் அதில் வெளிச்சுவரும் பால்கனியும் அடங்கும். ஜப்பானில் அடுக்கக விளம்பரங்கள் சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளந்த பரப்பைப் போடுகின்றன, சொத்துப் பதிவேடு உள்முகத்திலிருந்து அளந்ததை வைத்திருக்கிறது. அதனால் பத்திரத்தைப் பார்த்ததும் வீடு சுருங்கிவிட்டதுபோல் இருக்கும். அமெரிக்காவில் தனி வீடுகளுக்கான அன்சி இசட்765 என்ற முறை வெளிச்சுவரின் வெளிமுகத்திலிருந்து அளக்கச் சொல்கிறது, தரைமட்டத்துக்குக் கீழே உள்ள தளத்தைத் தனியாகக் காட்டச் சொல்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஐபிஎம்எஸ் என்று ஒரு சர்வதேச அளவீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். நல்ல முறைதான், ஆனால் வீட்டு விளம்பரங்களில் நான் அதைப் பார்ப்பது அபூர்வம்.

ஆகவே "சட்டப்படி அளந்தது" என்று சொன்னால், சரி, எந்தச் சட்டத்தின் எந்த வரையறை என்று பார்த்துவிடுங்கள். சட்டப்படி சரியான எண்ணும் நீங்கள் புழங்கும் தரையும் வேறு வேறாக இருக்கலாம்.

கூரை உயரத்தில் இது இன்னும் வேடிக்கையாகிவிடும். சரிவுக் கூரைக்குக் கீழே ஓர் அறை. தரை 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். கூரை இரண்டு பக்கமும் தரையிலிருந்தே 45 டிகிரியில் ஏறி நடுவில் 3 மீட்டர் உயரத்தில் சேருகிறது. தரையை அளந்தால் 30 சதுர மீட்டர். ஜெர்மனியின் 2004-ஆம் ஆண்டு விதிப்படி உயரம் 1 மீட்டருக்குக் கீழே உள்ள பகுதி கணக்கில் இல்லை, 1 முதல் 2 வரை பாதி, அதற்கு மேல் முழுசு. அந்தக் கணக்கில் அறை 15 சதுர மீட்டர். பிரான்சில் அடுக்கக வீடுகளுக்கான விதியில் 1.80 மீட்டருக்குக் கீழே எதுவும் சேராது, அப்படிப் பார்த்தால் 12. அறை ஒன்று, எண் மூன்று. உங்கள் நாட்டில் எந்த விதியும் இல்லை என்றால் விளம்பரத்தில் 30 போடுவார்கள். நீங்கள் நிமிர்ந்து நடக்கும் இடத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். மச்சு வீடு, படிக்கட்டுக்கு அடியில் உள்ள இடம், லாஃப்ட் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

இரண்டு தளம் உள்ள வீட்டில் இன்னொன்று. கூடத்துக்கு மேலே கூரைவரை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்தளத்தில் அந்த இடத்தில் தரையே கிடையாது, காற்றுதான் இருக்கிறது. கீழ்த்தளப் பரப்பை இரண்டால் பெருக்கிப் போட்டிருந்தால் அந்தக் காற்றுக்கும் காசு கொடுக்கிறீர்கள்.

ப்ளானைப் படிக்கும்போது

விளம்பரத்தோடு வரும் ப்ளானில் ஒரு மூலையில் 'அளவுக்கு வரையப்பட்டதல்ல' என்று பொடி எழுத்தில் இருந்தால் அதை அளவுகோல் வைத்து அளக்காதீர்கள். எண்களை மட்டும் பாருங்கள். அந்த எண்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அடி, அங்குலத்தைப் புள்ளி வைத்து எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. 10.10 என்று எழுதியிருந்தால் அது 10 அடி 10 அங்குலம், பத்தே முக்காலுக்கும் மேல். அப்படியே கால்குலேட்டரில் தட்டினால் 10.1 ஆகிவிடும். 10 அடி 10 அங்குலத்துக்கு 12 அடி 9 அங்குலம் உள்ள அறை 138 சதுர அடி. 10.10-ஐயும் 12.9-ஐயும் அப்படியே பெருக்கினால் 130. இந்தத் தவறு இரண்டு திசையிலும் நடக்கும். அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் தசமத்தில் எழுத வேண்டும்.

மீட்டரிலிருந்து அடிக்கு மாற்றும்போதும் அப்படித்தான். 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. கைக்கு எளிதாக 11-ஆல் பெருக்கினால் 100 சதுர மீட்டர் வீடு 1,100 சதுர அடி ஆகிறது. உண்மையில் 1,076. மாற்றிய எண்ணை நம்பாமல் மூல அளவை வாங்குங்கள்.

வரைந்திருக்கும் நாற்காலி, கட்டிலைப் பார்த்து இடம் தாராளமாக இருக்கிறது என்று மயங்க வேண்டாம். எங்கள் தொழிலில் இது பழைய வித்தை, கட்டிலைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் அறை பெரிதாகிவிடும். சோதிப்பது எளிது. அறையின் நீளம் எண்ணில் போட்டிருக்கும், கட்டில் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று பாருங்கள். 4 மீட்டர் அறையில் கட்டில் மூன்றில் ஒரு பங்கு நீளம்தான் என்றால் 1.3 மீட்டர் கட்டில் அது. குழந்தைகூடக் காலை நீட்ட முடியாது.

அறை அளவு எந்தப் புள்ளியில் எடுத்தது என்பதும் முக்கியம். சுவரில் பதித்த அலமாரியின் உட்புறம் வரை, சன்னல் வெளியே பிதுங்கும் இடம் வரை என்று இருப்பதில் மிக அகலமான இடத்தை எடுத்துப் போடுவார்கள்.

நீங்களே அளப்பது

முன்பணம் கொடுப்பதற்கு முன் அளந்துவிடுங்கள். கட்டிமுடித்த வீடு என்றால், அளவெடுக்க ஒரு மணி நேரம் வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், ஆனாலும் விடுவார்கள். அளக்கவே கூடாது என்கிற இடத்தில் எனக்குச் சந்தேகம் வரும். உங்களுக்கும் வரட்டும்.

5 மீட்டர் எஃகு டேப் ஒன்று, முடிந்தால் லேசர் மீட்டர் ஒன்று. சாதாரண லேசர் மீட்டரே 2 மில்லிமீட்டருக்குள் சரியாகக் காட்டும், வீட்டுப் பரப்புக்கு அது தாராளம். அதில் ஒரு விஷயம் மட்டும்: கருவியின் பின்முனையிலிருந்து அளப்பது, முன்முனையிலிருந்து அளப்பது என்று இரண்டு அமைப்பு உண்டு. மாறி இருந்தால் கருவியின் நீளம் முழுக்க, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர், ஒவ்வொரு அளவிலும் தவறும். உள்ளே நுழைந்ததும் ஒரு கதவின் அகலத்தை டேப்பிலும் லேசரிலும் அளந்து ஒப்பிட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கண்ணாடியிலும் வெயில் அடிக்கும் சுவரிலும் லேசர் தடுமாறும். அங்கே ஒரு வெள்ளை அட்டையைப் பிடிக்கச் சொல்லி அதன்மேல் அடியுங்கள்.

தரையை ஒட்டி அளக்காதீர்கள், சுவரடியில் பதித்திருக்கும் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் இடிக்கும். இடுப்பு உயரத்தில் சுவருக்குச் சுவர் அளங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு இடத்தில் எடுங்கள், பூச்சு ஒரே சீராக இருக்காது. 12 அடி நீள அறையில் அகலம் ஓர் அங்குலம் தவறினால் 1 சதுர அடி போகும். ஐந்து அறையில் அப்படியே நடந்தால் கூட்டிப் பாருங்கள். குளியலறையில் டைல்ஸ் ஒட்டிய முகத்திலிருந்து அளங்கள், ப்ளானில் போட்டிருப்பது டைல்ஸுக்கு முந்தைய அளவாக இருக்கும்.

மூலைவிட்டத்தையும் பிடியுங்கள். 3-க்கு 4 மீட்டர் அறையின் மூலைகள் சரியான செங்கோணமாக இருந்தால் மூலைக்கு மூலை 5 மீட்டர் வரவேண்டும், இரண்டு பக்கமும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் அறை கோணலாக இருக்கிறது. இரண்டு டிகிரி கோணலில் பரப்பு மாறியதே தெரியாது, ஆனால் 3 மீட்டர் சுவரில் 10 சென்டிமீட்டர் தள்ளிப்போகும், அலமாரி மூலையில் ஒட்டாது.

'எல்' வடிவ அறையை இரண்டு செவ்வகமாக உடைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய மூலை முக்கோணம், அதன் அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் போதும். அறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் தூணைக் கழியுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கதவு நிலையின் அடியில் உள்ள தரையை விட்டுவிடலாம்.

எல்லாம் முடித்ததும் ஒரு சரிபார்ப்பு செய்யுங்கள். நான் எந்த வீட்டிலும் இதை விடுவதில்லை. வீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே நேர்கோட்டில், வெளிச்சுவர், அறை, குறுக்குச் சுவர், அடுத்த அறை என்று வரிசையாகக் கூட்டுங்கள். சுவரின் கனத்தைக் கதவு நிலையில் அளக்கலாம். வந்த கூட்டுத்தொகை வெளியே அளந்த நீளத்தோடு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் ஒத்துவர வேண்டும். 15 சென்டிமீட்டர் உதைத்தால் எங்கோ ஒரு எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள், அல்லது உள்ளே மூடி மறைத்த டக்ட் ஒன்று இருக்கிறது. நான் ஒரு வீட்டில் அப்படிக் கூட்டிப் பார்த்துத்தான், பலகை அடித்து மூடியிருந்த ஒரு டக்ட்டைக் கண்டுபிடித்தேன். விற்பவருக்கே தெரியாது.

கட்டாத வீடு என்றால் அளக்க எதுவும் இல்லை. உள்ளாட்சி அனுமதித்த ப்ளானை வாங்கி, உள்ளளவுகளைக் கூட்டிப் பாருங்கள். மாதிரி வீட்டைக் காட்டினால் அதன் சுவர்களைத் தட்டிப் பாருங்கள். மெல்லிய பலகைச் சுவர் வைத்து, சில கதவுகளையும் கழற்றி வைத்திருப்பார்கள். அங்கே பார்த்த அகலம் கட்டி முடிந்த வீட்டில் இருக்காது.

பழைய வீட்டில் அனுமதித்த ப்ளானுக்கு வேறொரு பயன் உண்டு. பின்னால் இழுத்துக் கட்டிய அறை, மூடிய பால்கனி, மொட்டை மாடியில் போட்ட ஷெட் எல்லாம் விளம்பரப் பரப்பில் இருக்கும், ப்ளானில் இருக்காது. அனுமதி இல்லாத பகுதியை இடிக்கச் சொன்னால் அந்தச் சதுர அடியும் போகும், அதற்குக் கொடுத்த பணமும் போகும். இந்த ஒன்றில் மட்டும் சமரசமே வேண்டாம்.

அளந்த பிறகு

பார்க்கும் எல்லா வீடுகளையும் உங்கள் உள்ளளவு என்ற ஒரே கணக்குக்குக் கொண்டுவாருங்கள். கேட்கும் விலையை அதால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பர எண்ணால் வகுத்தபோது மலிவாகத் தெரிந்த வீடு, இப்படி வகுத்ததும் விலைப் பட்டியலில் மேலே ஏறிப்போவதைப் பார்ப்பீர்கள். பால்கனியை இதில் சேர்க்காமல் தனி வரியில் எழுதுங்கள். உங்களுக்கு அது முக்கியம் என்றால் பிறகு எடை போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு சதவீத வித்தியாசத்துக்கு மல்லுக்கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பூச்சும் டைல்ஸும் அவ்வளவைத் தின்றுவிடும். அதைவிட, பரப்பில் எவ்வளவு வெறும் நடைபாதை என்று பாருங்கள். 1 மீட்டர் அகலத்தில் 9 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடை இருந்தால் 9 சதுர மீட்டர், ஒரு சின்னப் படுக்கையறை அளவு, நடந்து போக மட்டும். அளவில் கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் நடை இல்லாத வீட்டைத்தான் நான் எடுப்பேன்.

வித்தியாசம் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் பேசுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், உங்கள் அளவுத்தாளை மேசையில் வையுங்கள். "நீங்கள் சொன்ன எண் எதையெல்லாம் சேர்த்தது என்று இதில் குறித்துக் கொடுங்கள்" என்று கேட்டால் போதும். பேரம் அதிலிருந்து தானாகத் தொடங்கும்.

ஒப்பந்தத்தில் 'தோராயமாக' என்ற சொல்லோடு வெறும் ஓர் எண் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: பரப்பு எந்த வரையறைப்படி, எத்தனை சதவீதம் வரை கூடினால், குறைந்தால் கண்டுகொள்ளாமல் விடுவது, அதைத் தாண்டினால் பணம் எப்படித் திரும்பும். பிரான்சில் அடுக்கக வீடு பத்திரத்தில் சொன்னதைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் விலையைக் குறைக்கச் சொல்லி வழக்குப் போடலாம். 1996-இலிருந்து அது சட்டம். இந்தியாவில் பல மாநிலங்களின் மாதிரி ஒப்பந்தத்தில் 3 சதவீதம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லாவிட்டால் ஒப்பந்தத்தில் நீங்களே ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். 'உள்ளபடியே' விற்கிறேன் என்ற வாசகம் இருந்தால் அதற்கு மேல் எழுதியிருக்கும் பரப்புக்குப் பல இடங்களில் மதிப்பே இருக்காது, அதை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். உங்கள் அளவுத்தாளில் தேதி போட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால் இன்னும் நல்லது. விற்பவர் அதற்கு ஒத்துக்கொண்டால், அவர் சொன்ன எண்ணை அவரே நம்புகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.